வெளிநாட்டு வங்கியின் உள்ளூர்க் கிளை யாருடைய பிடியில் இருக்கிறது?

கேள்வி இது: ஒரு வெளிநாட்டு வங்கி இன்னொரு நாட்டில் கிளை திறந்தால் அதைக் கட்டுப்படுத்துவது யார்? தாய் வங்கி இருக்கும் நாடா, கிளை இருக்கும் நாடா? விதிகள் நாட்டுக்கு நாடு எவ்வளவு மாறுகின்றன? அங்கே பணம் போட்டு வைத்திருப்பவருக்கு இதனால் என்ன வித்தியாசம்?

இரண்டு நாடுகளும்தான் கட்டுப்படுத்துகின்றன. கிளைக்கு உரிமம் தருவது, அதன் கணக்கு வழக்கைப் பார்ப்பது, கறுப்புப் பணம் புழங்காமல் கண்காணிப்பது, கையில் போதிய ரொக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் கிளை இருக்கும் நாட்டின் வேலை. மொத்த வங்கியின் மூலதனம் போதுமா, நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறதா என்பது தாய் நாட்டின் வேலை. வங்கி நன்றாக ஓடும்வரை இந்தப் பங்கீட்டில் யாருக்கும் தகராறு இல்லை. வங்கி கவிழும் நாளில்தான் தகராறு வருகிறது. மிச்சமிருக்கும் சொத்து எந்த நாட்டுக் கடன்காரர்களுக்கு, அதாவது டெபாசிட் போட்டவர்கள் உட்பட வங்கியிடமிருந்து பணம் வரவேண்டியவர்களுக்கு, முதலில் போக வேண்டும் என்பதுதான் எல்லா விதிகளுக்கும் அடியில் ஓடும் கேள்வி. அதற்கு ஒவ்வொரு நாடும் தன் அனுபவத்துக்குத் தக்க பதில் வைத்திருக்கிறது.

விதிகளுக்குப் போகும் முன் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'கிளை' என்பது சட்டப்படி தனி ஆள் அல்ல. அது தாய் வங்கியேதான், வேறு ஊரில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கென்று தனி மூலதனமோ தனி இயக்குநர் குழுவோ பொதுவாகத் தேவையில்லை. 'துணை நிறுவனம்' அப்படியல்ல. உள்ளூர்ச் சட்டப்படி பதிவாகி, சொந்த மூலதனத்துடன் நிற்கும் தனி கம்பெனி அது. பங்கு முழுவதும் தாய் வங்கியிடம் இருந்தாலும் கணக்கு தனி. வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். அதனால் வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

வித்தியாசம் என்ன செய்யும் என்பதற்கு 2023 மார்ச் மாதத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. கலிபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கி மார்ச் 10 அன்று மூடப்பட்டது. அதன் லண்டன் பிரிவு 2022 ஆகஸ்ட் வரை வெறும் கிளைதான். பெரிதாக வளர்ந்துவிட்டதால் பிரிட்டிஷ் விதிகளின்படி துணை நிறுவனமாக மாறியிருந்தது. தனி கம்பெனி என்பதால் பிரிட்டனின் மைய வங்கியான இங்கிலாந்து வங்கி அதை அப்படியே தூக்கி, மார்ச் 13 காலையில், 1 பவுண்டு விலைக்கு எச்.எஸ்.பி.சி.யிடம் கொடுத்துவிட்டது. சுமார் 670 கோடி பவுண்டு டெபாசிட்டில் ஒரு காசு குறையவில்லை. டொரண்டோவில் இருந்தது கிளை. கனடா மேற்பார்வையாளர் அதைத் தற்காலிகமாகத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தார். பிராங்க்பர்ட்டில் இருந்ததும் கிளை. ஜெர்மன் நிதி மேற்பார்வை ஆணையமான பாஃபின் கொடுக்கல் வாங்கலை முடக்கியது. இந்த இரண்டு கிளைகளும் டெபாசிட் வாங்குபவை அல்ல என்பதால் பொதுமக்களுக்குப் பாதிப்பில்லை. கேமன் தீவுகளில் இருந்த கிளையில் டெபாசிட் இருந்தது. அமெரிக்க அரசு உள்நாட்டு டெபாசிட் அனைத்துக்கும் உத்தரவாதம் கொடுத்தபோது கேமன் கிளையின் டெபாசிட்டை அதில் சேர்க்கவில்லை. அங்கே பணம் வைத்திருந்த நிறுவனங்கள் பிணையில்லாத சாதாரணக் கடன்காரர்களாக வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. வங்கி ஒன்று, வார இறுதி ஒன்று. முடிவு நாட்டுக்கு ஒன்று.

நாடுகள் இந்த விஷயத்தில் கூடிப் பேசத் தொடங்கியதே ஒரு வங்கி கவிழ்ந்த பிறகுதான். 1974 ஜூன் 26 அன்று கொலோன் நகரின் ஹெர்ஸ்டாட் வங்கியை ஜெர்மன் அதிகாரிகள் மூடினார்கள். ஜெர்மனியில் அன்றைய வங்கி நேரம் முடிந்திருந்தது. நியூயார்க்கில் காலைப் பொழுது. ஜெர்மன் மார்க்கைக் கொடுத்துவிட்டு டாலருக்குக் காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். அந்த வருட இறுதியில் பத்துப் பெரிய பொருளாதாரங்களின் மைய வங்கித் தலைவர்கள் சேர்ந்து, வங்கி மேற்பார்வை பற்றிக் கூடிப் பேச, பாசல் குழுவை அமைத்தார்கள். எந்த நாடு எதைக் கண்காணிப்பது என்பது பற்றி 1975இல் முதல் உடன்பாடு வந்தது. 1982இல் இத்தாலியின் பான்கோ அம்புரோசியானோ விழுந்தபோது, மிலான் வங்கியின் டெபாசிட்டுக்குப் பொறுப்பேற்ற இத்தாலி, லக்சம்பர்கில் இருந்த அதன் துணை நிறுவனத்தின் கடன்களைக் கைகழுவிவிட்டது. உடன்பாட்டை 1983இல் திருத்தினார்கள்.

மிகப் பெரிய அடி 1991 ஜூலை 5 அன்று மூடப்பட்ட பி.சி.சி.ஐ. வங்கி கொடுத்தது. பதிவு லக்சம்பர்கிலும் கேமனிலும், நிர்வாகம் லண்டனிலிருந்து, வியாபாரம் சுமார் 70 நாடுகளில். முழு வங்கியையும் ஒரே பார்வையில் பார்க்கும் மேற்பார்வையாளர் எங்குமே இல்லை. இந்தக் கூத்துக்குப் பிறகுதான், தாய் நாட்டில் உருப்படியான முழு மேற்பார்வை இல்லாத வங்கிக்கு உரிமம் கொடுக்காதே என்ற விதி உலக அளவில் வந்தது.

அதை உடனே சட்டமாக்கியது அமெரிக்கா. 1978 வரை அங்கே வெளிநாட்டு வங்கிக் கிளைகளுக்கு மாநிலங்கள்தான் உரிமம் கொடுத்துவந்தன. 1978 சட்டம் கூட்டாட்சி அரசைக் கொண்டுவந்து, உள்நாட்டு வங்கிக்கு என்ன விதியோ அதே விதி வெளிநாட்டு வங்கிக்கும் என்ற கொள்கையை வைத்தது. 1991 சட்டம் இரண்டு பூட்டுகளைப் போட்டது. எந்தக் கிளை திறந்தாலும் அமெரிக்க மைய வங்கியான பெடரல் ரிசர்வின் ஒப்புதல் வேண்டும். அன்றைய கணக்கில் 1 லட்சம் டாலருக்குக் கீழான சில்லறை டெபாசிட் வாங்க வேண்டுமென்றால் கிளை போதாது. டெபாசிட் காப்பீடு உள்ள துணை நிறுவனம் வைக்க வேண்டும். ஏற்கெனவே காப்பீட்டோடு இருந்த பழைய கிளைகளுக்கு மட்டும் விலக்கு. அதனால்தான் மன்ஹாட்டனில் உள்ள பெரும்பாலான வெளிநாட்டு வங்கிக் கிளைகளில் சாதாரண ஆள் சேமிப்புக் கணக்கு திறக்க முடியாது.

அமெரிக்கா கிளையிடம் தனி மூலதனம் கேட்பதில்லை; அதற்கு ஈடாகச் சொத்தை அடைமானம் போலக் கேட்கிறது. கூட்டாட்சி உரிமம் பெற்ற கிளை தன் பொறுப்புகளில் 5% அளவுக்கு அரசுப் பத்திரம் போன்றவற்றை வேறொரு வங்கியில் ஒதுக்கி வைக்க வேண்டும். நியூயார்க் மாநில உரிமத்துக்கும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. கிளை விழுந்தால் நியூயார்க் மாநில வங்கிக் கண்காணிப்பாளர் அந்த மாநிலத்தில் இருக்கும் வங்கியின் சொத்து முழுவதையும் கைப்பற்றி, முதலில் அந்தக் கிளையின் கடன்காரர்களுக்குத் தீர்த்துவிட்டு, மிச்சம் இருந்தால்தான் தாய் நாட்டு லிக்விடேட்டருக்கு, அதாவது விழுந்த வங்கியின் சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் அதிகாரிக்கு, அனுப்புவார். பேச்சில் சர்வதேச ஒத்துழைப்பு, சட்டத்தில் வேலி. எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. குறைந்தபட்சம் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுச் செய்கிறார்கள்.

ஒரு வழக்கை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஜப்பானின் தாய்வா வங்கியின் நியூயார்க் கிளையில் தோஷிஹிதே இகுச்சி என்பவர் அமெரிக்க அரசுப் பத்திர வியாபாரம் பார்த்தார். பத்திரம் வாங்கி விற்பதும் அவர்தான், அந்தப் பத்திரங்களைக் காப்பில் வைத்துக் கணக்கு எழுதுவதும் அவர்தான். நஷ்டம் வந்தபோது வாடிக்கையாளர்களின் பத்திரங்களை விற்று ஈடுகட்டிப் பொய்க் கணக்கு எழுதினார். பதினோரு வருடத்தில் நஷ்டம் 110 கோடி டாலர். 1995 ஜூலையில் அவரே தலைமைக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். வங்கி ஆகஸ்டில் ஜப்பான் நிதி அமைச்சகத்துக்குச் சொன்னது. பெடரல் ரிசர்வுக்குச் செப்டம்பர் நடுவில்தான் தெரியவந்தது. அமெரிக்கா கோபப்பட்டது நஷ்டத்துக்காக அல்ல, மறைத்ததற்காக. நவம்பரில் தாய்வாவை நாட்டைவிட்டே வெளியேறச் சொன்னார்கள். மறு வருடம் 34 கோடி டாலர் அபராதம். உரிமத்தைப் பிடுங்குவதுதான் கிளை இருக்கும் நாட்டின் கடைசி ஆயுதம் என்பது அன்று எல்லாருக்கும் புரிந்தது. 2014இல் பொருளாதாரத் தடைகளை மீறியதற்காக பி.என்.பி. பரிபா 890 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டபோதும், அபராதத்தைவிட அதிகம் உறுத்தியது, சில வகை டாலர் பரிவர்த்தனைகளை நியூயார்க் வழியே ஒரு வருடம் செய்யக் கூடாது என்ற தடைதான்.

ஐரோப்பா நேர் எதிர்த் திசையில் போனது. ஒரு உறுப்பு நாட்டில் உரிமம் வாங்கினால் போதும், மற்ற நாடுகளில் புதிய உரிமம் இல்லாமலே கிளை திறக்கலாம். இதை 'பாஸ்போர்ட்' முறை என்பார்கள். 1993 முதல் நடைமுறையில் உள்ளது. மேற்பார்வையும் டெபாசிட் காப்பீடும் தாய் நாட்டின் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத ஐஸ்லாந்துக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தத்தின் மூலம் இந்த உரிமை கிடைத்தது.

ஐஸ்லாந்தின் லாண்ட்ஸ்பாங்கி 2006இல் பிரிட்டனிலும் 2008 மே மாதம் நெதர்லாந்திலும் 'ஐஸ்சேவ்' என்ற பெயரில் இணையச் சேமிப்புக் கணக்கு தொடங்கியது. அதிக வட்டி என்பதால் பிரிட்டனில் மட்டும் 3 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். சட்டப்படி அது ரெய்க்யாவிக் வங்கியின் கிளை. சில லட்சம் மக்கள்தொகை கொண்ட ஒரு நாட்டின் காப்பீட்டு நிதி, இன்னொரு நாட்டு லட்சக்கணக்கான சேமிப்பாளர்களுக்கு ஜாமீன் நின்றது. 2008 அக்டோபரில் வங்கி விழுந்தது. ஐஸ்லாந்து அவசரச் சட்டம் போட்டு உள்நாட்டு டெபாசிட்டைப் புதிய வங்கிக்கு மாற்றியது. வெளிநாட்டுக் கிளைகளின் டெபாசிட் பழைய வங்கியோடு நின்றுவிட்டது. பிரிட்டன் தன் 2001 பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைக் கையிலெடுத்து லாண்ட்ஸ்பாங்கியின் சொத்துகளை முடக்கியது. சேமிப்பாளர்களுக்குப் பிரிட்டனும் நெதர்லாந்தும் தம் கையிலிருந்து கொடுத்துவிட்டு ஐஸ்லாந்திடம் கேட்டன. ஐஸ்லாந்து மக்கள் 2010இலும் 2011இலும் வாக்கெடுப்பில் முடியாது என்றார்கள். 2013 ஜனவரியில், இந்த ஒப்பந்தம் பற்றி ஐஸ்லாந்து போன்ற நாடுகள் மீதான வழக்குகளை விசாரிக்கும் எஃப்டா நீதிமன்றமும் ஐஸ்லாந்து அரசுக்கு அந்தக் கடமை இல்லை என்று தீர்ப்பளித்தது. கடைசியில் பழைய வங்கியின் சொத்துகளை விற்று 2016 ஜனவரிக்குள் அந்தக் கோரிக்கைகள் தீர்க்கப்பட்டன என்பது வேறு கதை.

அதே வாரம் இன்னொரு ஐஸ்லாந்து வங்கியான காப்திங்கும் விழுந்தது. பிரிட்டனில் அது சேமிப்பு வாங்கியது உள்ளூர்த் துணை நிறுவனம் மூலம். அந்தக் கணக்குகளை அதிகாரிகள் ஐ.என்.ஜி.யின் பிரிட்டன் வங்கிக்கு மாற்றினார்கள். எந்த நாட்டோடும் வம்பு இல்லை, வாக்கெடுப்பும் இல்லை.

பாஸ்போர்ட் முறையின் இன்னொரு ஓட்டையை எஸ்டோனியாவில் பார்க்கலாம். டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கி 2007இல் சாம்போ வங்கியை வாங்கியதோடு எஸ்டோனிய வங்கி ஒன்றும் கைக்கு வந்தது. 2008இல் அதைக் கிளையாக மாற்றினார்கள். எஸ்டோனிய, ரஷ்ய மொழி ஆவணங்களோடும் தனிக் கணினி அமைப்போடும் அது தன்பாட்டுக்கு ஓடியது. 2007 முதல் 2015 வரை அயல்நாட்டு வாடிக்கையாளர்களின் சுமார் 20,000 கோடி யூரோ அந்தச் சிறிய கிளை வழியே ஓடியது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது. கோபன்ஹேகன் அதிகாரிகளும் தாலின் அதிகாரிகளும் பிறகு ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். 2019 பிப்ரவரியில் எஸ்டோனியா அந்தக் கிளையை மூடச் சொன்னது. கறுப்புப் பணத் தடுப்பைக் கிளை இருக்கும் நாட்டிடம் முழுமையாக விட வேண்டும் என்று நான் நினைப்பது இந்த மாதிரிக் காரணங்களால்தான். கிளைக்குள் நடந்துபோய்ப் பார்க்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் எல்லாரும் துணை நிறுவனம் பக்கம் ஓடவில்லை. நார்டியா வங்கி 2017 ஜனவரியில் டென்மார்க், நார்வே, பின்லாந்துத் துணை நிறுவனங்களைக் கிளைகளாக்கியது. 2018 அக்டோபரில் தலைமையகத்தையே ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்கு, அதாவது ஐரோப்பிய மைய வங்கியின் குடைக்குள், மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக மூலதனத்தைக் கட்டிப்போட வேண்டாம் என்பது வங்கிக்குப் பெரிய லாபம்.

ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வங்கிகளின் கிளைகளை இதுவரை ஒவ்வொரு உறுப்பு நாடும் தன்னிஷ்டப்படி நடத்திவந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய ஆணை இதை ஒழுங்குபடுத்துகிறது. கிளைகள் பற்றிய முக்கிய விதிகள் 2027 ஜனவரியிலிருந்து பொருந்தும். 500 கோடி யூரோ சொத்துள்ள கிளையோ, சில்லறை டெபாசிட் 5 கோடி யூரோவைத் தாண்டிய கிளையோ முதல் வகுப்பு; அது பொறுப்புகளில் 2.5%, குறைந்தது 1 கோடி யூரோ, ஒதுக்கி வைக்க வேண்டும்.

பிரிட்டன் ஐஸ்சேவிடம் சூடுபட்ட பிறகு வேறொரு வழி எடுத்தது. மொத்த வியாபாரம், அதாவது நிறுவனங்களோடும் மற்ற வங்கிகளோடும் பெரிய தொகையில் வியாபாரம், செய்யும் கிளையைத் தாராளமாக வரவேற்கிறது, அதனிடம் உள்ளூர் மூலதனம்கூடக் கேட்பதில்லை. சாதாரண மக்களின் பணத்தைக் கணிசமாகத் தொட்டால் மட்டும் துணை நிறுவனம் அமை என்கிறது. 2021இல் மேற்பார்வை ஆணையம் வெளியிட்ட கொள்கையில் அதற்கான எல்லை, உடனே எடுக்கக்கூடிய சில்லறை, சிறுதொழில் கணக்குகளில் 10 கோடி பவுண்டாக இருந்தது. சிலிக்கான் வேலி வங்கியின் லண்டன் பிரிவு துணை நிறுவனமானது இப்படிப்பட்ட எல்லையால்தான்.

மற்ற நாடுகளும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் கோடு போடுகின்றன, தொகைதான் வேறு. ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு வங்கிக் கிளை தனிநபரிடம் 2.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குக் குறைந்த முதல் டெபாசிட்டை வாங்க முடியாது. கனடா 1999 வரை கிளையையே அனுமதிக்கவில்லை, இப்போதும் 1.5 லட்சம் கனடிய டாலருக்குக் கீழ் வாங்கக் கூடாது. சீனாவில் தனிநபரின் தவணை டெபாசிட் குறைந்தது 10 லட்சம் யுவான் என்றிருந்ததை 2019இல் 5 லட்சமாகக் குறைத்தார்கள். சிங்கப்பூரில் மொத்த வியாபார உரிமம் உள்ள வங்கி 2.5 லட்சம் சிங்கப்பூர் டாலருக்குக் குறைந்த உள்ளூர் நாணயத் தவணை டெபாசிட்டைத் தொடக் கூடாது. பெரிய தொகை போடுபவருக்கு வங்கியை எடைபோடத் தெரியும், சின்னத் தொகை போடுபவரைத்தான் காக்க வேண்டும் என்பது கணக்கு. 2023ஐப் பார்த்த பிறகு முதல் பாதியை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

கிளையே வேண்டாம் என்று தீர்த்துவிட்ட நாடுகளும் உண்டு. மலேசியா, 1989 சட்டப்படி, அங்கே இருந்த வெளிநாட்டு வங்கிகள் எல்லாவற்றையும் 1994 அக்டோபருக்குள் உள்ளூர் கம்பெனியாகப் பதிவு செய்ய வைத்தது. மெக்சிகோ துணை நிறுவனத்தை மட்டுமே ஏற்கிறது. நியூசிலாந்தின் காரணம் சுவாரசியமானது. அங்குள்ள பெரிய வங்கிகள் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானவை. ஆஸ்திரேலியச் சட்டமோ வங்கி விழுந்தால் ஆஸ்திரேலிய டெபாசிட்தாரர்களுக்கே முதல் உரிமை என்கிறது. கிளையாக விட்டால் நியூசிலாந்துக்காரர்கள் வரிசையில் பின்னால் நிற்க வேண்டும். அதனால் கிளையாக இருந்த வெஸ்ட்பேக் 2006இல் உள்ளூர் கம்பெனி தொடங்க வேண்டியதாயிற்று. பக்கத்து நாட்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு இந்த நாட்டின் கொள்கையைத் தீர்மானிக்கிறது.

இந்தியாவின் ஏற்பாடு பழையது. 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வெளிநாட்டு வங்கி ரிசர்வ் வங்கியிடம் 15 லட்சம் ரூபாய், மும்பையிலோ கொல்கத்தாவிலோ இருந்தால் 20 லட்சம், வைக்க வேண்டும் என்கிறது. இன்றைக்கு இது சில்லறைக் காசு. கனமானது அடுத்த வரி: இந்தியாவில் வரும் லாபத்தில் ஆண்டுதோறும் 20% அதே இடத்தில் சேர வேண்டும். வங்கி இந்தியத் தொழிலை நிறுத்தினால் அந்தச் சொத்தின் மீது இந்தியக் கடன்காரர்களுக்கே முதல் உரிமை. அமெரிக்கா போலன்றி, இந்தியக் கிளைகளின் மூலதன விகிதத்தையும் ரிசர்வ் வங்கி தனியாகக் கணக்கிடச் சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் டெபாசிட் காப்பீடு இந்தக் கிளைகளுக்கும் உண்டு. கிளை திறக்க ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும். உலக வர்த்தக அமைப்பிடம் இந்தியா ஒப்புக்கொண்டது எல்லா வெளிநாட்டு வங்கிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 12.

2013 நவம்பரில் ரிசர்வ் வங்கி முழு உரிமைத் துணை நிறுவனத் திட்டத்தைக் கொண்டுவந்தது. குறைந்தபட்ச மூலதனம் 500 கோடி ரூபாய். பதிலுக்குக் கிளை திறப்பதில் ஏறக்குறைய உள்நாட்டு வங்கிக்குச் சமமான சலுகை. மொரிஷியஸின் எஸ்.பி.எம். 2018இலும் சிங்கப்பூரின் டி.பி.எஸ். 2019இலும் மாறின. 2020 நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி தடுமாறியபோது டி.பி.எஸ்.ஸின் இந்திய நிறுவனத்தோடு இணைக்க முடிந்தது அது உள்ளூர் கம்பெனியாக இருந்ததால்தான். பழைய பெரிய வங்கிகளோ கிளைகளாகவே நீடிக்கின்றன. உள்நாட்டு கம்பெனிக்கு வரி குறைவு என்ற ஆசை காட்டியும் அவை அசையவில்லை. தாய் வங்கிக்குத் தேவைப்படும்போது மூலதனத்தை எடுத்துக்கொள்ளும் வசதியை எந்தத் தலைமையகமும் எளிதில் விடாது. பாதி இயக்குநர்கள் இந்தியர்களாகவோ இந்திய வம்சாவளியினராகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொள்கிறது.

இனி பணம் போட்டவரின் கேள்வி. கிளை என்பது தாய் வங்கியேதான் என்றால், கிளை மூடினால் தலைமையகத்தில் போய்க் கேட்கலாமா?

1975 ஏப்ரலில் சேஸ் மன்ஹாட்டன் வங்கியின் சைகோன் கிளை அதிகாரிகள் அன்றைய கணக்கை முடித்து, பெட்டகத்தைப் பூட்டி, சாவியைப் பிரெஞ்சுத் தூதரகத்தில் கொடுத்துவிட்டு நாட்டைவிட்டுக் கிளம்பினார்கள். பணம் போட்டிருந்த வியட்நாம் நிறுவனங்கள் பிறகு நியூயார்க்கில் வழக்குப் போட்டன. 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தலைமையகம் கொடுத்தாக வேண்டும் என்றது. வங்கிகள் சும்மா இருக்கவில்லை. 1994இல் பெடரல் ரிசர்வ் சட்டத்தில் ஒரு பிரிவு நுழைந்தது: போர், கலகம், அந்நாட்டு அரசின் நடவடிக்கை ஆகியவற்றால் வெளிநாட்டுக் கிளை பணத்தைத் திருப்பித் தர முடியாமல் போனால், எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, அமெரிக்கத் தலைமையகம் தர வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1986 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரீகன் லிபியாவின் சொத்துகளை முடக்கியபோது, பேங்கர்ஸ் டிரஸ்ட் என்ற அமெரிக்க வங்கியின் லண்டன் கிளையில் லிபிய வங்கி ஒன்றின் 13.1 கோடி டாலர் இருந்தது. 1987இல் லண்டன் நீதிமன்றம், கணக்கு லண்டனில் இருக்கிறது, அதற்கு ஆங்கிலச் சட்டம்தான் பொருந்தும், பணத்தைக் கொடு என்று தீர்ப்பளித்தது. வாஷிங்டனின் உத்தரவு அங்கே செல்லவில்லை.

ஆகவே வெளிநாட்டு வங்கி ஒன்றில் கணக்கு வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கணக்கு திறக்கும் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் சட்டப்பூர்வப் பெயரை. அதில் கணக்கு இருக்கும் நாட்டில் பதிவான 'லிமிடெட்', மலேசியாவானால் 'பெர்ஹாட்', போன்ற உள்ளூர் கம்பெனி இருந்தால் அது துணை நிறுவனம். இல்லாமல் வேறொரு நாட்டில் பதிவான வங்கி என்றிருந்தால் கிளை. கிளை என்றால் இன்னும் இரண்டைத் தேடுங்கள்: டெபாசிட் காப்பீடு எந்த நாட்டு நிதியிலிருந்து வருகிறது, ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும். இந்த மூன்றும் அநேகமாக ஒரே தாளில், யாரும் படிக்காத பக்கத்தில், அச்சாகியிருக்கும்.